சேமித்தால் சலுகை, சேமித்தே ஆக வேண்டும்: இரு நாட்டு ஓய்வுக்காலக் கணக்கு

இந்தியாவிலும் இலங்கையிலும் வரி ஆண்டு ஒரே நாளில், மார்ச் 31 அன்று முடிகிறது. ஒற்றுமை அதோடு சரி. சென்னையில் ஜனவரி பிறந்ததும் முதலீட்டு ஆதாரங்களைக் கேட்டு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிடும். எல்.ஐ.சி. ஏஜென்ட் கூப்பிடாமலே வீட்டுக்கு வருவார். பி.பி.எஃப். பாஸ்புக்கைத் தேடி அலமாரி கலையும். கொழும்பில் அதே சம்பளக்காரருக்கு மார்ச் மாதம் மற்ற மாதங்களைப் போலத்தான் கழிகிறது. முதலீடு செய்தேன் என்று காட்டி வரியைக் குறைக்க அங்கே ஏறக்குறைய வழியே இல்லை.

இந்தியாவின் பழக்கத்தை உருவாக்கியது வருமான வரிச் சட்டத்தின் 80சி என்ற ஒரு பிரிவு. பி.எஃப்., பி.பி.எஃப்., ஆயுள் காப்பீடு, வரிசேமிப்பு மியூச்சுவல் ஃபண்ட், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை அது கழிவு தந்தது. 2014இல் ஒரு லட்சத்திலிருந்து உயர்ந்த அந்த வரம்பு அதற்குப் பிறகு நகரவில்லை. தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸுக்கு மட்டும் 2015இல் கூடுதலாக 50,000 ரூபாய் கிடைத்தது. வரிக்குப் பயந்து சேமித்தவர்கள்தான் அதிகம். முதுமைக்குப் பயந்து சேமித்தவர்கள் குறைவு. வேண்டாத காப்பீட்டுப் பாலிசியை இருபது ஆண்டு சுமந்த குடும்பங்கள் ஏராளம். ஆனாலும் இந்த விரட்டலால் ஒரு தலைமுறையின் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சியது என்பதை மறுக்க முடியாது.

அந்தக் கணக்கு இப்போது தலைகீழாகிவிட்டது. 2020 பட்ஜெட்டில் அறிமுகமாகி, 2023–24 முதல் கேட்காமலே பொருந்தும் முறையாகிவிட்ட புதிய வரி முறையில் 80சி கிடையாது. 2025–26இல் ஆண்டுக்கு 12 லட்சம் சம்பாதிக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பழைய முறையிலேயே இருந்து 1.5 லட்சமும் என்.பி.எஸ்.ஸில் 50,000மும் போடுகிறார். நிலைக்கழிவு 50,000 போக அவருக்கு வரும் வரி, செஸ்ஸோடு, 1,06,600 ரூபாய். இன்னொருவர் புதிய முறையில் ஒரு பைசாகூடச் சேமிக்கவில்லை. அவருடைய வரி பூஜ்யம். வீட்டுக்கடன் வட்டி, வாடகைப்படி போன்ற பெரிய கழிவுகள் உள்ளவர்களுக்குத்தான் பழைய முறையால் இன்னும் லாபம்.

புதிய முறையில் ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. ஊழியர் பெயரில் முதலாளி என்.பி.எஸ்.ஸில் கட்டும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. மொத்தச் சம்பளம் 13.5 லட்சம், அதில் அடிப்படை 6.75 லட்சம் என்றால் 94,500 ரூபாயை அந்த வழியில் திருப்பலாம். அப்படித் திருப்பினால் வரி இல்லை. திருப்பாவிட்டால் 74,100 ரூபாய். ஆனால் சம்பளத்தை அப்படிப் பிரித்துத் தர நிறுவனம் சம்மதிக்க வேண்டும். சிறு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் இதைக் கேட்டுப் பார்க்கத்தான் முடியும்.

இலங்கை ஆசை காட்டவில்லை, கட்டாயப்படுத்தியது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 சதவீதம் தர வேண்டும். ஆனால் ஊழியரின் அந்த 8 சதவீதத்துக்கு வரிக்கழிவு இல்லை. மாதம் 2,50,000 இலங்கை ரூபாய் சம்பளம் பெறுபவரிடமிருந்து சேமலாப நிதிக்கு 20,000 போகிறது. வரியோ முழுச் சம்பளத்தின்மீதே கணக்கிடப்படுகிறது. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம். மீதி 12 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 2 இலட்சத்துக்கு 18 சதவீதம். ஆக ஆண்டுக்கு 96,000, மாதம் 8,000 ரூபாய். சம்பளத்தோடே பிடித்துக்கொள்வார்கள்.

கழிவு தந்து பார்த்த காலமும் அங்கே உண்டு. 2020இல் தனிநபர் விலக்கு 30 இலட்சமாக உயர்ந்தது. மருத்துவச் செலவு, வீட்டுக்கடன் வட்டி, அங்கீகரிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டப் பங்களிப்பு ஆகியவற்றுக்கு மேலும் 12 இலட்சம் வரை சலுகை கிடைத்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பின், 2023 ஜனவரியில், அந்தச் சலுகை நீங்கியது. விலக்கும் 12 இலட்சமாகச் சுருங்கியது. கூரையில் சூரியத் தகடு பொருத்துகிறவர் ஆண்டுக்கு 6 இலட்சம் வரை கழிக்கலாம் என்பது மட்டும் தப்பியது. ஓய்வுக்குச் சேமிப்பவரைவிட மின்சாரம் சேமிப்பவருக்கு அங்கே மரியாதை அதிகம்.

இரண்டு நாட்டு நிதிகளுக்கும் அடிப்படையான வேறுபாடு, வரி எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான். இந்தியப் பி.எஃப்.பில், ஐந்தாண்டு தொடர்ச்சியாக வேலை செய்தவர் பணத்தை எடுக்கும்போது வரி இல்லை. ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மேல் சொந்தப் பங்கு கட்டினால் மட்டும், அந்த மிகுதியின் வட்டிக்கு 2021 ஏப்ரல் முதல் வரி உண்டு. இலங்கையில் நிதியத்தின் முதலீட்டு வருமானத்துக்கு நிதியத்திடமே 14 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். உறுப்பினரின் கண்ணில் அது படுவதில்லை. 2023இல்தான் பட்டது. உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, கையிலிருந்த திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டி முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும், மறுத்தால் அந்த வருமானத்தின்மீது வரி 14இலிருந்து 30 சதவீதமாகும் என்று ஓய்வூதிய நிதிகளுக்குச் சொல்லப்பட்டது. சேமலாப நிதி மாற்றிக்கொண்டது. வங்கிகளிடமிருந்த முறிகளை அந்தத் திட்டம் தொடவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டதையும், அந்த ஆண்டுக்குச் சேமலாப நிதி தந்த வட்டி 9 சதவீதம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறுப்பினர்களின் கோபம் புரியும். வரி திட்டமிடல் என்பது தனிமனிதரின் சாமர்த்தியம் என்ற எண்ணத்தையே அந்த ஆண்டு கேலி செய்தது.

இந்த நிதிகளில் கைவைத்தால் யார் தெருவுக்கு வருவார்கள் என்பதில் இரு நாடுகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. 2011இல் இலங்கை அரசு தனியார் துறைக்கு ஓய்வூதிய மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் தொழிலாளர்கள் திரண்டார்கள். மே 30 அன்று நடந்த பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்த இளம் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், மசோதா கைவிடப்பட்டது. வலயத்துப் பெண்களில் பலர் சில ஆண்டு உழைத்துவிட்டு, திருமணத்தோடு சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புபவர்கள். அந்த மொத்தத் தொகைதான் அவர்களுடைய சீதனம், வீடு, சிறுதொழில் எல்லாம். ஐந்தாண்டு கழித்துப் பெங்களூரு. முதலாளி கட்டிய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற விதியை எதிர்த்து, 2016 ஏப்ரலில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சாலைகளை மறித்தார்கள். ஏப்ரல் 19 அன்று விதி வாபஸ் ஆனது. அதற்கு முந்தைய மாதம்தான், பி.எஃப். எடுப்பில் ஒரு பகுதிக்கு வரி என்ற பட்ஜெட் முன்மொழிவை அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி திரும்பப் பெற்றிருந்தார். அதை எதிர்த்தவர்கள் மாதச் சம்பள நடுத்தர வர்க்கத்தார். ஏப்ரலில் வந்தவர்களில் பெரும்பாலோர் வரி வரம்பையே எட்டாதவர்கள்.

பணம் கைக்கு வந்த பிறகு இலங்கைக்காரரின் வேலை கடினமானது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் சேமலாப நிதி மொத்தமாக வந்துவிடும். தனியார் ஊழியருக்கு மாத ஓய்வூதியம் என்று அதில் எதுவும் இல்லை. இந்தியப் பி.எஃப்.போடு ஒட்டிய ஓய்வூதியம் இருக்கிறது; அதன் குறைந்தபட்சம் 2014இலிருந்து மாதம் 1,000 ரூபாய், பெயருக்குத்தான். அறுபதைக் கடந்த இந்தியருக்கு 30 லட்சம் வரை போடக்கூடிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. பணிக்கொடையில் இலங்கையின் கை தாராளமானது: முதல் ஒரு கோடிக்கு வரி இல்லை, அடுத்த ஒரு கோடிக்கு 6, அதற்கு மேல் 12 சதவீதம். இந்தியத் தனியார் ஊழியருக்கு வரிவிலக்கு 20 லட்சத்தோடு நின்றுவிடுகிறது.

அந்த ஒரு கோடியை 8 சதவீத நிலையான வைப்பில் போடுபவருக்கு ஆண்டு வட்டி 8 இலட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் 18 இலட்ச விலக்குக்குள் அவர் வரி கட்ட வேண்டியதே இல்லை. ஆனால் 2025 ஏப்ரலில் 5இலிருந்து 10 சதவீதமாக உயர்ந்த பிடித்தம் 80,000 ரூபாயை வங்கியிலேயே எடுத்துவிடும். வருமானம் வரம்புக்குள் என்ற சுயபிரகடனத்தை முன்கூட்டியே கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். இந்திய முதியவர் வங்கியில் தரும் 15எச் படிவம் செய்யும் வேலையும் அதுவே. கொடுக்கத் தவறியவர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வருமான விவரத்திரட்டுத் தாக்கல் செய்து பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். அதற்கு வரி செலுத்துநர் இலக்கம் கையில் இருக்க வேண்டும்.