கருவியும் குடியும்: கலப்பிசையில் பறையின் இடம்

கலப்பிசை பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் ஓசைகள் இணங்கினவா என்ற அளவில் நின்றுவிடுகின்றன. கலக்கப்படும் இசைக்குரிய மக்கள் அக்கலப்பில் எவ்விடத்தில் நிற்கின்றனர் என்பதே முதன்மையான வினா என இக்கட்டுரை கருதுகிறது.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் திருமண இசையான கிளெஸ்மர் இதற்குத் தக்க ஒப்புமையாகும். 'பாட்டுக்கருவி' எனப் பொருள்படும் எபிரேயத் தொடரிலிருந்து பிறந்த இச்சொல், பின்னர் இசைப்பவரைக் குறித்தது; காலப்போக்கில் இழிபொருளும் ஏற்றது. தமிழிலும் துடியன், பறையன் எனக் கருவியின் அடியாகக் குடிப்பெயர்கள் வழங்கியதைப் புறநானூற்றின் 335ஆம் பாடல் காட்டுகிறது. தொல்காப்பியம் கருப்பொருளாக எண்ணிய பறையைப் பிற்காலச் சாதியமைப்பு சாவுக்கடமையாக்கி, இசைத்தவர்மீது இழிவைச் சுமத்தியது.

'ஆபிரகாம் இங்க்' குழுவில் கிளாரினெட் கலைஞர் டேவிட் கிராக்கவர், ஜேம்ஸ் பிரவுனிடம் டிராம்போன் வாசித்த ஃபிரெட் வெஸ்லி, ஹிப்ஹாப் கலைஞர் சோகால்டு ஆகிய மூவரும் கிளெஸ்மரையும் ஃபங்கையும் இணைத்தனர். அங்கு ஒவ்வொரு மரபும் தன் கலைஞரின் பெயரோடு முன்நிற்கிறது.

தமிழகத்தில் பா. இரஞ்சித், டென்மா ஆகியோரின் முயற்சியால் உருவாகி 2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கானா, பறை, ராப், ராக் ஆகியவற்றை இணைத்தது. இதனை மேலைத் தாக்கமாக மட்டும் காண்பது குறைநோக்காகும். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நிறுவிய சக்தி கலைக்குழு, ஆண்களுக்கே உரியதாயிருந்த பறையைத் தலித் பெண்களின் கைகளில் தந்து, சாவுவீட்டிலிருந்து மேடைக்குக் கொணர்ந்தது. இங்கே புதிய ஓசை எதுவும் கலக்கப்படவில்லை. அடிப்பவரும் அடிக்கும் களமும் மாறின. இழிவு நீக்கப்பட்ட கருவியே பிற இசைகளோடு நிகராக அமர இயலும். ஆகவே திண்டுக்கல்லில் நிகழ்ந்த மீட்பையும் சென்னையில் நிகழ்ந்த கலப்பையும் ஒரே வரலாற்றின் இரு நிலைகளாகக் கொள்ளல் வேண்டும்.

இம்மீட்பு மறக்கப்படும்போது பறை வெறும் ஒலிச்சுவையாகச் சுருங்குகிறது. சாவு, திருமணம், திருவிழா என நிகழ்வுக்கேற்ப வேறுபடும் அடிகள், கணினித் தாளத்திற்குள் ஒரே துள்ளலாகிவிடுகின்றன. கலைஞர் பெயரும் அவ்வாறே மறைகிறது. ஒப்பாரி மரபை ராப்போடு இணைத்த 'என்ஜாய் எஞ்சாமி' 2021இல் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் அதனைப் போற்றிய இசையிதழின் அட்டைப்படத்தில் பாடலாசிரியர் அறிவு இடம்பெறாமை கடும் விவாதத்தை எழுப்பியது.

எனவே, அடியின் தனித்தன்மை காக்கப்பட்டதா, அடித்தவர் பெயர் சொல்லப்பட்டதா என்னும் இரண்டையும் கலப்பிசைத் திறனாய்வு தன் அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.