துயர் களையா நட்பு: 'எ லிட்டில் லைஃப்' நாவலை முன்வைத்து

நியூயார்க்கைக் களமாகக் கொண்ட ஹான்யா யானகிஹாராவின் 'எ லிட்டில் லைஃப்' (2015) 700 பக்கங்களைக் கடந்த ஆங்கில நாவல். சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஜூடை அவன் நண்பர்கள் வில்லெம், ஜேபி, மால்கம் ஆகியோரும், மகனாக ஏற்ற ஹரால்டும் காக்க முயல்கின்றனர், இயலவில்லை. துயரை மிகைப்படுத்துவதாக இந்நாவல் கண்டிக்கப்பட்டதுண்டு.

நண்பரின் இடுக்கணை உடனே நீக்குவதே நட்பு என்பது 788ஆம் குறள் தரும் அளவுகோல். அதன்படி இவர்கள் தோற்றவர்கள். ஆனால், பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனை மீட்கவில்லை, உடன் வடக்கிருந்தார். புறநானூறு அதனையும் நட்பாகவே போற்றுகிறது. எனினும் சோழன் மானம் கருதி இறப்பைத் தேர்ந்தான். ஜூடின் இறப்போ ஆறாக் காயத்தின் விளைவு. ஆகவே இந்நண்பர்களால் அதனை ஏற்கவும் இயலாது, தடுக்கவும் இயலாது.

அவ்விடத்தில்தான் நாவலின் நீளம் பொருள் பெறுகிறது: உதவ வழியற்ற வாசகரையும் அது நெடுநேரம் ஜூடின் அருகில் இருத்துகிறது.