ஆறடி நிலமும் காணி உறுதிகளும்

'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?' என்ற ரோல்ஸ்ரோயின் கதையை எம்மிற் பலர் படிக்காமலே அறிந்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்கள். தேவாலயப் பிரசங்கத்தில் யாரோ சொன்னார்கள். சொன்னவர் கடைசியில் 'ஆறடி' என்று முடித்தார். நாமும் தலையை ஆட்டினோம். வீட்டுக்கு வந்தால் அடுத்த வளவுக்காரரோடு வேலிச் சண்டை விட்ட இடத்திலேயே காத்திருந்தது.

காணியை இழந்து நாடு விட்டு வந்த பிறகு இக்கதையைத் திரும்ப வாசிக்கும்போது, தலையாட்டுவது அவ்வளவு எளிதாயில்லை.

கதை 1886இல் வெளிவந்தது. பாஹோம் என்ற குடியானவன், போதிய நிலம் மட்டும் இருந்தால் பிசாசுக்கும் அஞ்சமாட்டேன் என்று நினைக்கிறான். அடுப்புக்குப் பின்னாலிருந்த பிசாசு அதைக் கேட்டுவிடுகிறது. முதலில் அயலிலுள்ள சீமாட்டியிடம் சுமார் 40 ஏக்கர் வாங்குகிறான். எமது கணக்கில் 640 பரப்பு. நேற்றுவரை தன் மாடு பிறர் நிலத்தில் மேய்ந்ததற்குத் தண்டம் கட்டியவன், இன்று தன் நிலத்தில் மேயும் மாட்டுக்காக அயலவனை வழக்குக்கு இழுக்கிறான். பிறகு வொல்கா நதிக்கு அப்பால் போகிறான். அதுவும் போதாமல் பாஷ்கீர் மக்களின் புல்வெளிக்குப் போகிறான். அங்கே 1000 ரூபிளுக்கு ஒரு நாள் நிலம்: விடியலில் புறப்பட்டு, நடந்து வளைத்த நிலமெல்லாம் அவனுக்கு. பொழுது சாயுமுன் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாவிட்டால் காசு போய்விடும். திரும்பத் தொடங்க வேண்டிய நேரத்தில், சணல் நன்றாக விளையக்கூடிய ஒரு பள்ளம் கண்ணிற் படுகிறது. அதையும் வளைக்கிறான். கடைசியில் ஓடி வந்து சேர்ந்து, விழுந்து இறக்கிறான். கூட வந்த வேலையாள் குழி வெட்டுகிறான். மூலத்தில் அதன் அளவு மூன்று அர்ஷின். ஏழு அடிக்குக் கிட்ட வரும். ஆங்கிலத்தில் அது ஆறடியானது. 'ஆறடி நிலம்' என்று ஏற்கெனவே பேசி வந்த எமக்கு அது வாய்க்கு வசதியாகவும் போயிற்று.

இக்கதையைப் பேராசை பற்றியது என்று மட்டும் சொல்வது போதாது. அது நிலத்திலிருந்து தொடங்கவில்லை. இரண்டு சகோதரிகளின் பெருமைப் பேச்சிலிருந்து தொடங்குகிறது. நகரத்து வணிகனை மணந்த அக்கா ஊருக்கு வந்து, தன் உடுப்பையும் உணவையும் நாடகக் கொட்டகையையும் பற்றிப் பேசுகிறாள். குடியானவனை மணந்த தங்கை, எங்கள் வாழ்க்கை எளியது, ஆனால் பயமற்றது என்கிறாள். அக்காவின் பெருமையை நாம் உடனே இனங்கண்டுகொள்வோம். விடுமுறைக்கு ஊர் போகும் எம்மவரின் பேச்சும் அதுதான். ஆனால் ரோல்ஸ்ரோயின் கூர்மை தங்கையிடத்தில் இருக்கிறது. இல்லாமையைக்கூட ஒருவர் நகைபோல அணியலாம். 'எங்களிடம் பணமில்லை, ஆனால் பண்பாடு இருக்கிறது' என்று மேடையில் சொல்லும்போது நாமும் அந்தத் தங்கையாகிவிடுகிறோம். பாஹோமின் வீழ்ச்சி நிலம் வாங்கிய நாளிலே தொடங்கவில்லை. அஞ்சமாட்டேன் என்று நினைத்த கணத்திலேயே தொடங்கிவிட்டது.

கதையின் வேர் லூக்கா சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வனின் உவமை அது. அவன் களவெடுக்கவில்லை; யாரையும் அடிக்கவில்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். இருந்தும் அவன் மதிகேடன் எனப்படுகிறான். ஏன்? அந்த உவமையில் இறைவனின் குரல் வரும்வரை வேறொரு மனிதர் இல்லை. மனைவி இல்லை, கூலியாள் இல்லை, அயலவர் இல்லை. அவன் தன்னோடு மட்டுமே பேசுகிறான். கிறிஸ்தவ நோக்கில் ஞானம் என்பது நிறையத் தெரிந்திருப்பதன்று, தான் தனியாளல்ல என்று தெரிந்திருப்பது. இந்த உவமை சொல்லப்பட்ட சந்தர்ப்பத்தையும் எம்மவர் மறந்துவிடுகிறார்கள். தகப்பன் சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி தன் சகோதரனுக்குச் சொல்லுங்கள் என்று ஒருவன் வந்து கேட்டபோது, இயேசு பங்கு பிரிப்பவராக இருக்க மறுத்துச் சொன்ன கதை இது. சீதனக் காணிக்காக ஆண்டுக்கணக்கில் முகம் பாராத சகோதரங்களைக் கொண்ட எமது குடும்பங்களுக்கு இதைவிட நெருக்கமான வேதபாடம் வேறில்லை.

இதுவரை ரோல்ஸ்ரோயோடு எமக்குச் சண்டையில்லை. சண்டை பாஷ்கீர் மக்களிடத்தில் தொடங்குகிறது. கதையில் அவர்கள் உழுவதில்லை; குதிரைப்பால் மது குடிக்கிறார்கள்; சிரிக்கிறார்கள். பாஹோமின் கனவில் அவர்களுடைய தலைவனின் முகம் பிசாசின் முகமாக மாறுகிறது. ஆனால் சரித்திரம் வேறு. 19ஆம் நூற்றாண்டில் அம்மக்களின் பெரும் நிலப்பரப்புகள் அற்ப விலைக்குக் கைமாறின. ரோல்ஸ்ரோயும் 1871இல் சமாரா மாகாணத்துப் புல்வெளியில் பெருநிலம் வாங்கியவர். தன்னைத் தானே கண்டிக்கும் நேர்மை இக்கதையில் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் நிலத்தை இழந்துகொண்டிருந்தவனுக்கே பிசாசின் முகமூடியை மாட்டிவிட்டது பெரிய அநியாயம். உவமைக்குப் பிசாசு தேவைப்படவில்லை, ரோல்ஸ்ரோய்க்குத் தேவைப்பட்டது.

செக்கோவ் 1898இல் எழுதிய 'நெல்லிக்காய்' என்ற பொருள்படும் கதையில் ஒரு பாத்திரம் இந்த மூன்று அர்ஷினோடு நேரடியாகவே வாதாடுகிறது: அந்த அளவு பிணத்துக்குத்தான், உயிருள்ள மனிதனுக்கு முழுப் பூமியும் வேண்டும் என்பது அதன் வாதம். வாதம் நல்லது. ஆனால் எமது கேள்வி இன்னும் கீழே கிடக்கிறது. ஆறடியும் கிடையாதவர்கள் என்ன செய்வது?

1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணம் பெயர்ந்தபோது உடுப்பை விட்டுவிட்டுக் காணி உறுதியைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தவர்களை நாம் அறிவோம். வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறியவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் முள்வேலிக்கு வெளியே நின்று தம் வளவைப் பார்த்தார்கள். 2009இன் பின் துயிலுமில்லங்கள் இடித்து நிரவப்பட்டன. அங்கே புதைக்கப்பட்டோரின் பெற்றோருக்கு அந்த ஆறடியும் இல்லாமற் போயிற்று. காணாமல் ஆக்கப்பட்டோருக்குக் குழியே இல்லை. இவர்களிடம் போய், மனிதனுக்கு ஆறடி போதும் என்று சொல்வது ஞானமாகாது. அது பறித்தவனுக்குச் செய்யும் ஊழியம்.

வேதாகமத்திலேயே இன்னொரு நிலக்கதை உண்டு. முதலாம் இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தில் ஆகாப் அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்கிறான். காசு தருகிறேன், இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்கிறான். முதுசக் காணியை விற்கமாட்டேன் என்கிறான் நாபோத். பொய்ச் சாட்சிகளை வைத்து அவனைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். அவனை யாரும் மதிகேடன் என்று சொல்லவில்லை. தீர்க்கதரிசி எலியா போய் நிற்பது அரசன் முன்னால். களஞ்சியக்காரனையும் நாபோத்தையும் சேர்த்து வாசிக்கத் தெரிவதே ஞானம். ரோல்ஸ்ரோய் ஒன்றை மட்டும் எடுத்தார். எமது பிரசங்கிகளும் அப்படியே.

இத்தோடு நிறுத்தினால் நாம் நாபோத்துக்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டு எழுந்து போகலாம். அது உண்மையாகாது. போர் முடிந்தபின் ஊரில் காணி விலையை ஏற்றியதில் வெளிநாட்டுப் பணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வருடத்தில் மூன்று வாரம் தங்குவதற்கு மாடிவீடு கட்டுகிறோம். மிச்ச நாளெல்லாம் அது பூட்டிக் கிடக்கிறது. அதே ஒழுங்கையில் தலைமுறை தலைமுறையாகக் காணியற்றிருப்பவர் அந்த விலையை நினைத்தும் பார்க்க முடியாது. பறிகொடுத்தவர்களும் நாமே, பொழுது சாயும்வரை வளைத்து வளைத்து ஓடுபவர்களும் நாமே. இரண்டு வேலை செய்து, கடனுக்கு வீடு வாங்கி, அந்த வீட்டில் நித்திரை கொள்ள மட்டும் வரும் எம்மவருக்குச் சணல் விளையும் அந்தப் பள்ளம் எதுவென்று தெரியும்.

ரோல்ஸ்ரோய் 1892இல் தன் சொத்தை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்து எழுதினார். 1910இல் வீட்டைவிட்டு வெளியேறி ஒரு ரயில் நிலையத்தில் இறந்தார். யஸ்னாயா பொல்யானாவில் அவருடைய புதைகுழிமேல் சிலுவையில்லை, கல்லில்லை, புல் மட்டுமே. தன் கதைக்கு அவர் கடைசியில் கணக்குக் கொடுத்துவிட்டார்.

நாம் கணக்குக் கொடுக்க வேண்டியது எமது பையிலிருக்கும் உறுதிகளுக்கு. அவற்றைக் கைவிட வேண்டாம், நாபோத் கைவிடவில்லை. ஆனால் அந்தக் கடதாசியில் எமது பெயரைத் தவிர வேறு யாருடைய முகமாவது எமக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.