பீபி டேனியல்ஸ் எழுதிய குடும்பம்

பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவையின் வரலாறு பெரும்பாலும் போர்க்கால ‘இட்மா’விலிருந்து, 1954இல் தொடங்கிய ‘ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்’ நிகழ்ச்சிக்குத் தாவிவிடுகிறது. இடையில் நிற்கும் ‘லைஃப் வித் த லயன்ஸ்’ ஓரிரு வரிகளோடு முடிந்துபோகும். பென் லயன், பீபி டேனியல்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி 1950 முதல் 1961 வரை பிபிசியில் நடத்திய தொடர் அது. ஹான்காக்குக்கு நான்காண்டு மூத்தது. இந்த வரிசை மாற்றி எழுதப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

இருவரும் 1901இல் பிறந்தவர்கள்; 1930இல் மணந்துகொண்டார்கள். குழந்தை நட்சத்திரமாக வந்த பீபி, ஹரால்ட் லாயிடுக்கு ஜோடியாக ஊமைப்படங்களில் வளர்ந்து, பேசும்பட யுகத்தில் ‘ரியோ ரீட்டா’, ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ வரை வந்தவர். பென், ஹோவர்ட் ஹியூஸின் ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ நாயகன். ஹாலிவுட்டில் இருவரின் வெளிச்சமும் மங்கத் தொடங்கியபோது, 1930களின் நடுவில் லண்டன் மேடைகளுக்கு வந்தார்கள்.

அவர்களை பிரிட்டன் தன்னவராக்கிக்கொண்டது 1940இல். அமெரிக்கர் பலர் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அந்த ஆண்டில் இவர்கள் லண்டனிலேயே தங்கி, நகைச்சுவையாளர் விக் ஆலிவருடன் ‘ஹை கேங்!’ நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். ஆலிவர் சர்ச்சிலின் மருமகன். வேகமான அமெரிக்கக் கிண்டலும் பாட்டும் கலந்த அந்த ஒலிபரப்பு, குண்டுவீச்சுக்கு நடுவே நடந்தது. தாங்கள் அஞ்சிய அதே வானத்தின் கீழ் இவர்களும் இருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். சினிமாப் புகழ் வாங்கித் தர முடியாத உரிமை அது.

ஆனால் கலை என்ற அளவில் எனக்குப் பெரிதாகப் படுவது ‘லயன்ஸ்’தான். ‘இட்மா’வின் சிரிப்பு, திரும்பத் திரும்ப வரும் வசனங்களிலும் கதவைத் திறந்து நுழையும் விசித்திரப் பாத்திரங்களிலும் இருந்தது. லயன்ஸில் சிரிப்பு வீட்டுக்குள்ளிருந்து பிறந்தது. பென்னும் பீபியும் அவர்களாகவே நடித்தார்கள். மகள் பார்பராவும் மகன் ரிச்சர்டும் அப்படியே. உண்மைக் குடும்பமே தன்னை நடிப்பது அமெரிக்க வானொலியில் ஓஸி–ஹாரியட் நெல்சன் தம்பதி ஏற்கெனவே பழக்கியிருந்த வடிவம். அதற்குள் ஸ்காட்லாந்துப் பணிப்பெண் ஆகியாக மாலி வியரையும், வம்பு பேச வரும் அண்டைவீட்டு ஃபிளாரியாக டோரிஸ் ரோஜர்ஸையும் வைத்ததால், லண்டன் வீடொன்றின் பேச்சொலி அதற்கு வாய்த்தது.

இந்த வீட்டைக் கட்டியவர் பீபி. பாப் பிளாக், பில் ஹார்டிங் ஆகியோருடன் சேர்ந்து பிரதிகளை எழுதியவர் அவர். பெண்கள் நகைச்சுவை எழுதுவது அரிதாக இருந்த காலம் அது. பிள்ளைகள் வளர வளரக் கதையும் அவர்களோடு வளர்ந்தது. பதினோராண்டுகள் அது தாங்கியதற்கு இதை முதற்காரணமாகச் சொல்வேன். குறையும் உண்டு: கோபம் எதுவும் அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்காது. இத்தகைய இனிப்பான வானொலிக் குடும்பங்களைச் சீண்டவே ‘டேக் இட் ஃப்ரம் ஹியர்’ நிகழ்ச்சியில் ஃபிராங்க் மியூரும் டெனிஸ் நார்டனும் கிளம் குடும்பத்தைப் படைத்தார்கள். சீண்டப்படும் அளவுக்கு அந்த வடிவம் வேரூன்றியிருந்தது.

வால் கெஸ்ட் இயக்கத்தில் ஹேமர் நிறுவனம் இரண்டு படங்கள் எடுத்தது; தொடர் தொலைக்காட்சிக்கும் போனது. இன்று பென்னின் பெயர் பெரும்பாலும் நார்மா ஜீனுக்கு மர்லின் மன்றோ என்று பெயர் சூட்டிய ஸ்டூடியோ அதிகாரியாகவே நினைவுகூரப்படுகிறது. பீபியின் பெயரோ ஊமைப்பட நாயகியர் பட்டியலில் இருக்கிறது. பிரிட்டிஷ் நகைச்சுவை எழுத்தாளர் வரிசையில் அது இன்னும் சேர்க்கப்படவில்லை.