சுத்தியலும் விளக்கும் ஒரே கையில்

பெரிலியத்தால் ஆன கூடு ஒன்று. விட்டம் 2 மில்லிமீட்டர், கடுகளவுதான். கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் அதைச் சூழ்ந்த உலோகக் குழலின் உட்சுவர்மீது 184 லேசர் கற்றைகள் பாய்கின்றன. சூடேறிய சுவர் எக்ஸ் கதிரை உமிழ, கூட்டின் மேற்பரப்பு வெடித்துப் பறக்கிறது; உட்பகுதி மையத்தை நோக்கி நசுங்குகிறது. சில நானோநொடிகளுக்கு அங்கே 20 லட்சம் கெல்வின் வெப்பம், வளிமண்டலத்தைப் போல 300 கோடி மடங்கு அழுத்தம். 2023இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த சோதனை இது.

நசுக்கினால் போதுமா? பார்க்க வேண்டுமே. கண்ணுக்குத் தெரியும் ஒளி இவ்வளவு அடர்ந்த பொருளுக்குள் நுழையாது. ஆகவே அதே லேசரின் வேறு சில கற்றைகள் ஒரு துத்தநாகத் தகட்டைத் தாக்குகின்றன. தகடு பிளாஸ்மாவாகி, ஏறத்தாழ 9,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை வீசுகிறது. அது பெரிலியத்தில் பட்டுச் சிதறுவதைப் பதிவுசெய்கிறார்கள்.

சுத்தியலும் விளக்கும் ஒரே கையில் இருப்பதுதான் இம்முறையின் பலம். இரண்டுக்கும் ஒரே கடிகாரம் என்பதால், நானோநொடிக் கணக்கில் குறி தப்புவதில்லை. அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் உள்ள ஒமேகா லேசரில் இப்படித்தான் நீரை அதிர்வலைகளால் நசுக்கி, இரும்புத் தகட்டிலிருந்து கிளம்பிய எக்ஸ் கதிரால் படமெடுத்தார்கள். சில ஆயிரம் டிகிரி வெப்பத்திலும் ஆக்சிஜன் அணுக்கள் படிகமாக அணிவகுத்து நின்றன. கொதிக்கும் பனிக்கட்டி! 2019இல் வந்த அந்த முடிவை நான் தயங்காமல் ஏற்கிறேன். அணுக்களின் ஒழுங்கு படத்திலேயே விழுந்திருக்கிறது.

ஆனால் விளக்கு அழுக்கானது. பாய்ச்சிய லேசர் ஆற்றலில் மிகச் சிறு பங்கே பயனுள்ள எக்ஸ் கதிராகிறது. அதுவும் எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. நசுங்கும் பொருளைச் சூழ்ந்த பிளாஸ்மாவும் தன் பங்குக்கு ஒளிர்ந்து படத்தை மங்கவைக்கிறது. ஸ்டான்போர்டில் 2009 முதல் இயங்கும் எக்ஸ் கதிர் லேசர் இதைவிடப் பன்மடங்கு தூய்மையானது. என்ன செய்ய, அங்கே விளக்கு உண்டு, இவ்வளவு கனத்த சுத்தியல் இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பெரிலியத்தின் அடர்த்தி நேரடியாக அளக்கப்பட்டதல்ல. சிதறிய கதிரின் நிறமாலைக்கு ஒரு கோட்பாட்டு மாதிரியைப் பொருத்திப் பெற்ற எண் அது. அந்த மாதிரியோ எலக்ட்ரான்களை அணுவில் கட்டுண்டவை, கட்டற்றவை என்று முன்கூட்டியே பிரித்துவிடுகிறது. இந்த அழுத்தத்தில் அந்தப் பிரிவினையே ஆட்டம் காண்கிறது என்பதுதான் சோதனையின் கண்டுபிடிப்பு! பின்னர் அந்தப் பிரிவினையைக் கைவிட்டு, குவாண்டம் கணிப்புகளைக் கொண்டு அதே தரவை மீண்டும் ஆராய்ந்தபோது அடர்த்தி கணிசமாகக் குறைந்தது.

நிறமாலை மாறவில்லை, வாசிப்பு மாறியது. இத்தகைய சோதனைகள் பற்றிய செய்தியில் அடர்த்தி, வெப்பநிலை என்று எண்கள் கண்ணில் பட்டால், அவை எந்த மாதிரியின் வழியாக வந்தவை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.