சீட்டில் ஏறிய சிந்துபாத்

சென்ற நோன்புப் பெருநாளின் மறுநாள் நெமிலியில் உறவினர் இல்லத்தில் கூடியிருந்தோம். காலணி ஏற்றுமதித் தொழிலில் உள்ள ஆம்பூர்க் குடும்பம் ஒன்றும் வந்திருந்தது. அவ்வீட்டு இளைஞர் வேலையின் நிமித்தம் ஜெர்மனி சென்று திரும்புகையில் வாங்கி வந்த பழைய சீட்டுக் கட்டு ஒன்றைப் பிள்ளைகள் பாயில் பரப்பி வைத்திருந்தனர். பத்து வயதுப் பேரன் ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்து, "தாதா, இது தந்தியில வர்ற சிந்துபாதா?" என்று கேட்டான். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ‘தினத்தந்தி’யில் 1960 முதல் வெளிவரும் ‘கன்னித்தீவு’ சித்திரக்கதையின் நாயகனைச் சிறு வயது முதல் அறிந்தவர் அவர். "பேரு அதுதான், ஆளு வேற" என்று சொல்லிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். பேரு அதுதானென்றால் ஆள் எவ்வாறு வேறாயிற்று என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

அச்சீட்டு ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் ஆட்டத்தைச் சேர்ந்தது. கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் அமைத்த இவ்வாட்டத்தை அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. ஒவ்வொரு சீட்டிலும் மூன்று கூறுகள் உள. மேலே ஓர் ஓவியம். அதன்கீழ் ஆட்ட விதி. விதிக்கும் கீழே, இடம் இருப்பின், சாய்வெழுத்தில் ஓரிரு வரி வாசகம். இவ்வாசகம் ஆட்டத்திற்குத் தேவையன்று. கற்பனை உலகின் சுவையை ஊட்டுவதே அதன் பணி. இதனை அடிவாசகம் என்று வழங்குவோம். ஓவியம், விதி, அடிவாசகம் ஆகிய மூன்றும் ஒரே பொருளைப் பேசும்போது உள்ளங்கையளவுச் சீட்டு ஒரு கதையாகிறது. முரணும்போது வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

ஆட்டம் வெளிவந்த ஆண்டின் டிசம்பரிலேயே அதன் முதல் விரிவுத் தொகுதி வந்தது. அதன் பெயர் ‘அரேபியன் நைட்ஸ்’. நீல் கெய்மனின் ‘சாண்ட்மேன்’ சித்திரக்கதை வரிசையில் ஐம்பதாவது இதழான ‘ரமலான்’, கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதின் பக்தாதைப் பற்றியது. அதனைப் படித்த கார்ஃபீல்டுக்கு ஆயிரத்தோரு இரவுகளின்மீது நாட்டம் பிறந்து இத்தொகுதி உருவாயிற்று. கதைகள் இவ்வாறு கைமாறுவது புதிதன்று. அலாவுதீன், அலிபாபா கதைகள் பழைய அரபுக் கையெழுத்துப் படிகளில் இல்லை; அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709-இல் சொல்லக் கேட்டு அந்துவான் கலான் தம் பிரெஞ்சு நூலில் சேர்த்தவை. ஆகவே, ஓர் அமெரிக்கர் இக்கதைகளைத் தொட்டார் என்பதைக் குற்றமாக நாம் கொள்ளவில்லை. எவ்வாறு தொட்டார் என்பதே நம் ஆய்வு.

முதலில் சிறப்பைச் சொல்வோம். சிந்துபாத் சீட்டின் விதி இது: ஒரு புதிய சீட்டை எடுத்துக் காட்டலாம், அது நிலச்சீட்டாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் கழித்துவிட வேண்டும். கரை தேடும் மாலுமிக்கு நிலம் ஒன்றே பேறு, மற்றெல்லாம் கடலுக்கே. ஏழு பயணங்களின் சாரம் ஒரே வாக்கியத்துள் அடங்கிவிட்டது. அலிபாபா சீட்டு எதிரியின் மதிற்சுவரை ஒரு கணம் செயலிழக்கச் செய்யும். குகைக் கதவு திறந்த கதையை நினைப்பவர் புன்னகைக்காமல் இரார். சுலைமானின் குப்பியைத் திறப்பவர் ஒரு காசைச் சுண்ட வேண்டும். வென்றால் வலிய ஜின் ஒன்று பணிக்கு வரும். தோற்றால் இருபதாகத் தொடங்கும் தம் உயிர்ப்புள்ளிகளில் ஐந்து போய்விடும். கதையில் முத்திரையிட்ட குப்பியைத் திறந்த மீனவனின் அச்சமே இங்கு விதியாகியிருக்கிறது.

இவை அனைத்தினும் உயர்ந்தது ‘ஷஹ்ரஸாத்’ சீட்டு. அதனை ஒருவர் இட்டவுடன் நடக்கும் ஆட்டம் நிற்கிறது. கையிருப்பில் எஞ்சிய சீட்டுகளைக் கொண்டு ஆட்டத்திற்குள் இன்னோர் ஆட்டம் தொடங்குகிறது. உள் ஆட்டத்தில் தோற்றவர் வெளி ஆட்டத்தில் தம் உயிர்ப்புள்ளிகளில் பாதியை இழக்கிறார். கதைக்குள் கதை வைத்து மரணத்தைத் தள்ளிப்போட்ட அப்பெண்ணின் உத்தியை உருவத்திலேயே கொண்டுவந்த படைப்பு இது. அதன் நகைச்சுவையும் இங்கேதான் உள்ளது. விடியும்வரை கதையை நீட்டியவளின் சீட்டு, போட்டிகளையும் முடியவிடாது நீட்டியது. 2007 முதல் அது போட்டிகளில் தடைசெய்யப்பட்டுள்ளது. இவ்விடங்களில் ஆசிரியர் கதையை உள்ளிருந்து படித்திருக்கிறார். நகைப்பும் கதையிலிருந்தே பிறக்கிறது, எவரையும் பழிக்கவில்லை.

எண்ணாமல் விளைந்த நகைச்சுவையும் ஒன்றுண்டு. சிந்துபாத் கரையேறிய சரந்தீப், நம் அண்டை நாடான இலங்கை. ‘சரந்தீப் இஃப்ரீத்’ என்னும் நீல நிறச் சீட்டை 1994-இல் மறு அச்சிட்டபோது பச்சைச் சட்டமும், வேறோர் இஃப்ரீதின் ஓவியமும் தவறாக அமைந்துவிட்டன. ஓவியம் மாறினும் ஆட்டம் மாறவில்லை. இதில் ஒரு பாடமும் இருக்கிறது. ஒரு இஃப்ரீதின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடிந்ததெனில், பெயர்கள் பொருளுக்காக அன்றி ஒலிக்காகவே சேர்க்கப்பட்டிருந்தன என்பது புலனாகிறது. அடிவாசகத்தின் நோய் தொடங்குவது இங்கேதான்.

அந்நோய் முற்றிய இடங்கள் மூன்று. முதலாவது ‘மன்னர் சுலைமான்’. மெலிந்த உடல் வலிமையுடைய இச்சீட்டு, ஜின்னையோ இஃப்ரீதையோ ஒரே அசைவில் அழித்துவிடும். உடலால் எளியவர், ஆணையால் வலியவர் என்ற கருத்து நன்றே. ஆயினும் சுலைமான் (அலை) நமக்கு இறைத்தூதர். அவரை உருவமாக வரைவதை நம் மரபு ஏற்காது. மேலும், திருக்குர்ஆனின் 34-ஆம் அத்தியாயத்தில் ஜின்கள் அவர் ஏவலில் கட்டடங்கள் எழுப்பிப் பணிபுரிகின்றன. சீட்டு அவ்வுறவைக் கொலையாகச் சுருக்கிவிட்டது.

இரண்டாவது ‘பக்தி’ என்று பொருள்படும் சீட்டு. தடுத்து நிற்கும் வீரர்களின் தாங்கும் வலிமையை அது கூட்டுகிறது. அதன் அடிவாசகமாக அச்சிடப்பட்டது, அந்-நூர் அத்தியாயத்தின் 52-ஆம் வசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. இறையச்சத்தையும் கீழ்ப்படிதலையும் பேசும் வசனம் போர்க்களத் தடுப்புக்கு உரையாயிற்று. இதனினும் வருந்தத்தக்கது ஒன்று. இவ்வகைச் சீட்டு பயன்பட்டவுடன் கழிவுக் குவியலுக்குச் செல்லும். அக்குவியலுக்கு ஆட்டத்தில் வழங்கும் பெயர் ‘கல்லறை’. வசனம் எழுதிய தாள் காலடியில் கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றி உயரத்தில் வைக்கும் பாட்டிமார்களிடம் வளர்ந்தவர்கள் நாம். பாயில் சிதறிய சீட்டுகளைப் பார்க்கும்போது இதனை நினையாதிருக்க இயலவில்லை.

மூன்றாவது ‘ஜிஹாத்’. தன்னோடு போராடுவதையும் உள்ளடக்கிய ஒரு விரிந்த சொல், ஒரு நிறத்தாரைக் குறிவைத்துத் தாக்கும் படைக்கு வலிமை கூட்டும் விதியாகக் குறுகிவிட்டது. 2020 ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் இனவெறிக்கு எதிரான கிளர்ச்சி நடந்த வேளையில், நிறுவனம் ஏழு சீட்டுகளைப் போட்டிகளிலிருந்தும் தன் படத் தொகுப்பிலிருந்தும் நீக்கியது. ‘ஜிஹாத்’, அதற்கு இணையான ‘சிலுவைப்போர்’, ‘கல்லெறியும் சைத்தான்கள்’ ஆகியவை அவற்றுள் அடங்கும். ‘பிரதேச்’ என்ற நம் நாட்டுச் சொல்லை நாடோடி மக்களை இழிக்கும் பெயரோடு ஒட்டிய 1994-ஆம் ஆண்டுச் சீட்டும் நீக்கப்பட்டது. ஆனால் வசனம் தாங்கிய சீட்டும், ‘அல்லாஹ்வின் படை’ என்ற சீட்டும் அப்பட்டியலில் இல்லை. கண்ணுக்குப் பட்ட சொல் அகன்றது; கருத்தில் படாத அவமதிப்பு தங்கிவிட்டது. நீக்கம் விமர்சனத்தின் வேலையைச் செய்யாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பிற பண்பாட்டின் கதையை ஏற்பதற்கு நம் முன்னோர் காட்டிய வழி வேறு. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்போது அதனை மழையும் வயலும் நிறைந்த தமிழ் மருதமாகவே கண்டார். அது அறியாமையன்று, தம்மிடமிருந்த மிகச் சிறந்ததைக் கொடுத்து வரவேற்ற பண்பு. வண்ணக்களஞ்சியப் புலவர் சுலைமான் நபியின் வரலாற்றை 1807-இல் ‘இராஜநாயகம்’ என்னும் காப்பியமாக்கினார். அவர்களும் கற்பனை சேர்த்தனர், சுவை கூட்டினர். ஆயினும் எதைக் கற்பனையால் தொடலாம், எதன்முன் கைகட்டி நிற்க வேண்டும் என்ற எல்லையை அறிந்திருந்தனர். நகைச்சுவைக்கும் அவ்வெல்லைக்குள் இடமுண்டு. எறும்புகள் என்னும் 27-ஆம் அத்தியாயத்தில், படை வருகிறது, புற்றுக்குள் புகுந்துகொள்ளுங்கள் என்று ஓர் எறும்பு தன் இனத்தை எச்சரிக்கிறது. அதனைச் செவியுற்ற சுலைமான் (அலை) புன்னகைத்துச் சிரிக்கிறார். உடனே இறைவனுக்கு நன்றி சொல்கிறார். ஆற்றலின் உச்சியில் நின்றவர் சிற்றுயிரின் சொல்லுக்கு முகம் மலர்ந்த இக்காட்சியை அத்தொகுதி தவறவிட்டது. எழுபத்தெட்டுச் சீட்டுகளில் ஓர் எறும்புக்கு இடம் இருந்திருக்கலாம்.

இத்தகைய ஆட்டங்களை முற்றாக விலக்கலாமே என்பார் உளர். 2001-இல் சவூதி அரேபியா போக்கிமான் சீட்டுகளைத் தடைசெய்தபோது சூதாட்டத் தன்மையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அக்கவலை வெறுமையன்று. ‘மேஜிக்’ ஆட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு சீட்டைப் பந்தயமாக வைத்து வென்றவர் எடுத்துக்கொள்ளும் விதி இருந்தது. நாம் பேசும் தொகுதியிலேயே பந்தயத்தைச் சார்ந்த ஒரு சீட்டு உண்டு. அவ்விதி பின்னர்க் கைவிடப்பட்டது. உள்ளிருப்பது தெரியாமல் பொட்டலத்தை விலைகொடுத்து வாங்கும் பழக்கம் மட்டும் நீடிக்கிறது. பெற்றோர் இதில் உறுதியாக இருத்தல் வேண்டும். மறுபுறம், ஓவியச் சீட்டு நம் வரலாற்றுக்கு அந்நியமன்று. சிந்து மன்னர் ஷா ஹஸனுக்குக் கஞ்சிஃபா சீட்டுகளை அனுப்பியதை பாபர் 1527-ஆம் ஆண்டுக் குறிப்பில் பதிந்துள்ளார். பந்தயத்தை விலக்குவது ஒன்று. படத்தையும் சொல்லையும் படிக்க மறுப்பது வேறொன்று.

அன்று மாலை பேரன் சிந்துபாத் சீட்டின் விதியை நமக்குப் படித்துக் காட்டி, நிலம் கிடைக்காவிட்டால் ஏன் எறிய வேண்டும் என்று கேட்டான். பெரியவர் மாலுமியின் கதையைச் சொல்லத் தொடங்கினார்; சரந்தீபில் நின்று, பேச்சு சுலைமான் நபிக்குத் திரும்பி, எறும்பில் வந்து முடிந்தது. மக்ரிப் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. சீட்டுகளை ஒன்றுதிரட்டிய சிறுவன், எறும்புக்குச் சீட்டு உண்டா என்று கேட்டான். இல்லை என்றோம். அப்படியானால் தானே ஒன்று வரைவதாகச் சொன்னான். பெரியவர் ஒரு நிபந்தனை விதித்தார்: எறும்பை வரையலாம், நபியை வரையக் கூடாது. சிறுவன் சற்று யோசித்துத் தலையசைத்தான்.