இறந்தகால அடியில் எழும் கற்பனை

மானாவாரி நிலங்களும் மாந்தோப்புகளும் மழையை எதிர்பார்த்திருக்கும் சாணார்பட்டி வட்டாரத்தில் ‘மழ பேஞ்சா’ என்று தொடங்கும் பேச்சு அன்றாடமானது. எழுத்து வழக்கில் ‘பெய்தால்’ என வரும் இச்சொல், இன்னும் விழாத மழையைக் குறித்தாலும், ‘பெய்தது’ என்பதிலுள்ள இறந்தகால அடியுடன் ‘ஆல்’ சேர்ந்தே உருவாகிறது. நன்னூல் எதிர்காலத்துக்கு உரியதாக வகுத்த ‘செயின்’ வாய்பாட்டுப் ‘பெய்யின்’ செய்யுளிலும் உயர்நடையிலும் தங்கிவிட, பேச்சில் நிலைத்தது இவ்வடிவமே.

ஸ்பானிய மொழியும் இதே வழியில் நடப்பது பெருவியப்புக்கு உரியது. நிகழாததையும் விரும்பியதையும் ஐயுற்றதையும் சொல்லும் வினைவடிவம் அங்கே ‘சுப்ஹுந்திவோ’ எனப்படும். அதன் இறந்தகால வகையை அமைக்க, ‘பேசினார்கள்’ எனப் பொருள்படும் ‘ஆப்லாரோன்’ என்பதன் ஈற்று ‘ரோன்’ நீங்கி ‘ரா’ சேர, ‘ஆப்லாரா’ கிடைக்கிறது. ‘உண்டார்கள்’ என்னும் ‘கோமியேரோன்’ அவ்வாறே ‘கோமியேரா’ ஆகிறது. ‘ரா’வுக்கு மாற்றாகச் ‘சே’ ஈறும் உண்டு, ஆனால் வழக்கில் மிகுதி ‘ரா’வே. பிற இடங்களில் ஒழுங்கு தவறும் வினைகளும் இவ்விதியை மீறாதிருப்பதுதான் இதன் தனியழகு.

எனினும் ‘பெய்தால்’ நாளையே பெய்யக்கூடிய மழைக்கும் பொருந்தும்; ஸ்பானியத்தில் அதற்கு நிகழ்கால வடிவமே வருவதால், ‘பெய்தால்’ எனப் பொருள்படும் ‘சி யோவியேரா’ என்றவுடன் மழையின் நம்பிக்கை குன்றிவிடுகிறது. நடவாமலே போனதைச் சொல்லத் தமிழ் ‘பெய்திருந்தால்’ என்று ‘இரு’ என்னும் துணைவினையைச் சேர்க்க, ஸ்பானியமும் ‘உபியேரா யோவிதோ’ என்று துணைவினையையே நாடுகிறது.

ஸ்பானியம் கற்கும் தமிழ் மாணவர் இந்த ‘ரா’ வடிவத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. படர்க்கைப் பன்மை இறந்தகால வினைமுற்றை முதலில் மனத்தில் நிறுத்திக்கொண்டு, அதன் ‘ரோன்’ ஈற்றை ‘ரா’வாக மாற்றினால் போதும்.